மருந்துக்கடையில் ஓர் உறவு



கரக்பூர் இரயில்வே காலனியில் வாழும் நமக்கு உற்றார் அருகில் இல்லை. ஆயினும் மருந்துக்கடை வங்காளப் பெரியவர் உறவினராகவே ஆகிவிட்டார். தமிழ் மட்டுமே படிக்கத் தெரிந்த எங்கள் அன்னையாருக்காக, மருந்து உறைமீது ‘காலை’, ‘இரவு’ எனத் தமிழில் எழுதக் கற்றார் அவர்.

சென்ற மாரிக்காலத்தில் காய்ச்சலுக்கும் மூட்டுவலிக்கும் இரு மருத்துவர்கள் தந்த சீட்டுகளை நீட்டினோம். பெயர் வேறாயினும் இரண்டிலும் பாரசிட்டமால் இருப்பதைக் கண்டார். நாளொன்றுக்கு 4 கிராம் மிஞ்சினால் கல்லீரல் கெடும் என்று எச்சரித்து, மருத்துவரைத் தொலைபேசியில் கேட்டு, ஒன்றை நிறுத்தினார். விற்பனை குறைந்தது, அன்னையார் நலமுற்றார்.

அன்பர்களே! எல்லாச் சீட்டுகளையும் ஒரே கடையில் காட்டினால்தான் இத்தகைய பிழை புலப்படும். நமக்காக அவர் இரு தமிழ்ச் சொற்கள் கற்றார். நாம் வங்க மொழியில் நன்றி சொல்லவேனும் கற்போமாக!