'நான் சாதி பார்ப்பதில்லை' என்பவர்களுக்கு



'நான் சாதி பார்ப்பதில்லை' என்று நம் தலைமுறையில் பலரும் சொல்கிறோம். சொல்பவர்கள் பெரும்பாலும் பொய் சொல்வதில்லை. அவர்கள் மனதில் யார்மீதும் வெறுப்பு இருக்காது. ஆனால் சாதி எப்போதும் வெறுப்பாக வருவதில்லையே. தகுதி பற்றிய நியாயமான கருத்தைப் போலவும் அது வரும்.

1936இல் லாகூரில் ஜாத் பாத் தோடக் மண்டல் என்ற அமைப்பு அம்பேத்கரைத் தலைமையுரைக்கு அழைத்தது. சாதியை ஒழிக்கவே தொடங்கப்பட்ட அமைப்பு அது. உரையை முன்கூட்டியே படித்துப் பார்த்தவர்களால் அதைத் தாங்க முடியவில்லை; மாநாடே நின்றுபோனது. அம்பேத்கர் அந்த உரையைத் தன் சொந்தச் செலவில் அச்சிட்டார். அந்தச் சீர்திருத்தவாதிகளுக்குத் தங்கள் எல்லை எதுவென்று அதுவரை தெரிந்திருக்கவில்லை.

இன்றைய வேலைச் சந்தைக்கு வருவோம். சுகதேவ் தோரட்டும் பால் அட்டவெல்லும் தனியார் நிறுவனங்களின் வேலை விளம்பரங்களுக்கு 4,808 விண்ணப்பங்களை அனுப்பிப் பார்த்தார்கள். ஒத்த கல்வித்தகுதி, வெவ்வேறு பெயர்கள். 2007இல் முடிவு வெளியானது. உயர்சாதிப் பெயரோடு ஒப்பிட்டால், தலித் பெயருக்கு அழைப்பு வரும் வாய்ப்பு ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு. முஸ்லிம் பெயருக்கு மூன்றில் ஒரு பங்கு. அதே காலத்தில் சுரீந்தர் ஜோத்காவும் கேத்தரின் நியூமனும் மனிதவள மேலாளர்களிடம் பேசினார்கள். 'தகுதி மட்டும்தான்' என்றார்கள் மேலாளர்கள். 'குடும்பப் பின்னணியும் கேட்போம்' என்றும் சொன்னார்கள். இரண்டுக்கும் இடையே முரண்பாடு இருப்பது அவர்களுக்குத் தெரியவில்லை.

நம் ஊரில் சாதிப் பட்டம் இல்லையே என்பீர்கள். உண்மை. 1929 செங்கல்பட்டு சுயமரியாதை மாநாட்டின் கொடை அது. ஆனால் பட்டம் போன இடத்தில் 'சொந்த ஊர் எது? ஊருக்குள் எந்தப் பக்கம்? குலசாமி எது?' என்ற கேள்விகள் வந்து உட்கார்ந்துகொண்டன.

பல்கலைக்கழகமும் விலக்கல்ல. ஏரிப் பாசன வரலாற்றில் ஆய்வு செய்ய வேண்டும் என்று போன என்னிடம், 'உங்க மக்களைப் பற்றியே எழுதலாமே, உங்களுக்கு அனுபவம் இருக்கு' என்றார்கள். அன்பாகத்தான் சொன்னார்கள். அனுபவம் எங்களுக்கு, கோட்பாடு அவர்களுக்கு என்ற பங்கீடு அந்த அன்புக்குள் இருந்தது. நான் ஏரியைத்தான் எழுதிக்கொண்டிருக்கிறேன்.

ஆகவே கண்ணை மூடி 'எனக்குள் வெறுப்பு இருக்கிறதா' என்று தேடினால் எதுவும் கிடைக்காது. செய்ததைக் கணக்கெடுக்க வேண்டும். ஆளைப் பார்ப்பதற்கு முன்பே அளவுகோலை எழுதி வையுங்கள். பெயரை மறைத்து விடைத்தாளைத் திருத்துங்கள். நீங்கள் யாரைப் பரிந்துரைத்தீர்கள், யாருடைய நூலை மேற்கோள் காட்டினீர்கள், போன வருடம் யார் வீட்டில் சாப்பிட்டீர்கள், உங்கள் வீட்டுக்கு யார் வந்தார்கள் என்று எழுதிப் பாருங்கள். 'எனக்கு என்னவோ சரியாகப் படவில்லை' என்று ஒருவரை ஒதுக்கும்போது காரணத்தை ஒரு வரியில் எழுதுங்கள். அந்த வரி வராவிட்டால் முடிவைத் தள்ளிவையுங்கள்.

இது ஒருநாள் வேலையல்ல. அடுத்த நேர்காணலில், அடுத்த வாடகை வீட்டில், நம் வீட்டின் அடுத்த திருமணப் பேச்சில் மறுபடியும் செய்ய வேண்டியது.

ஜெய்பீம்.