பாண்டவர் வீடும் கெல்டியர் கல்லறையும்

சந்திரகிரி என்றதும் கோட்டையும் ராஜமகாலும்தான் நினைவுக்கு வரும். விஜயநகர அரசர்கள் கடைசிக் காலத்தில் வந்து தங்கிய ஊர் அல்லவா? அந்தக் கோட்டைக்கும் ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டு மூத்த கல் கட்டடங்கள் இதே சித்தூர்ச் சீமையில் நிற்கின்றன. தெலுங்கில் 'பாண்டவுல குள்ளு' என்பார்கள். தமிழில் பாண்டவர் வீடு. வனவாசத்தில் பாண்டவர்கள் தங்கிய இடமாம். அவ்வளவு சின்ன அறையில் பீமன் எப்படித்தான் காலை நீட்டினானோ!

1911 வரை இந்தப் பக்கமெல்லாம் வடஆற்காடு ஜில்லா. பாண்டவர் வீடு என்று ஊரார் சொல்லும் இவை உண்மையில் பழங்காலக் கல்லறைகள். இவற்றைப் பற்றி கேப்டன் நியூபோல்டு எழுதியது, அவர் மறைவுக்குப் பின் 1852-இல் லண்டன் ராயல் ஆசியச் சங்கத்தின் இதழில் வந்தது. அதே காலத்தில் நிஜாம் சீமையில் அதிகாரியாக இருந்த மெடோஸ் டெய்லர், சுரபுரம் பக்கம் இப்படிப்பட்ட கல்லறைகளைத் தோண்டிப் பார்த்தார். தாம் கண்டவற்றுக்கு அவர் வைத்த பெயர்தான் வேடிக்கை: கெல்டிய, துருயிதச் சின்னங்கள்!

கெல்டியர் யார்? கிறிஸ்துவுக்கு முந்தைய நூற்றாண்டுகளில் ஆஸ்திரியா முதல் அயர்லாந்து வரை பரவியிருந்த, ஒரே மொழிக் குடும்பத்தைச் சேர்ந்த மக்கள். துருயிதர் அவர்களுடைய பூசாரிகள். வேதம் ஓதுவதுபோல எல்லாம் வாய்ப்பாடம்; சிலர் இருபது ஆண்டுகூடப் படித்தார்கள் என்கிறார் ஜூலியஸ் சீசர்.

இந்த அதிகாரிகளின் நாட்டில் பழங்கல் எதைக் கண்டாலும் துருயிதர் கட்டியது என்பது வழக்கம். அங்கேயே அது பொருந்தாது. அயர்லாந்தின் பூல்னபுரோன் கல்திட்டை ஐயாயிரம் ஆண்டுக்கும் மேல் பழையது. கெல்டியர் பேச்சு அடிபடுவதற்கு வெகு காலம் முன்பே எழுந்தது. சொந்த ஊரில் செல்லாத காசை இங்கே கொண்டுவந்து மாற்றப் பார்த்தார்கள்.

நம் கல்லறையைக் கிட்டப் போய்ப் பாருங்கள். நான்கு கருங்கல் பலகைகள். ஒவ்வொன்றின் ஒரு முனையும் அடுத்த பலகையைத் தாண்டி வெளியே நீளும். மேலிருந்து பார்த்தால் ஸ்வஸ்திகம் போலிருக்கும். வெளியே மண் நெருக்கினாலும் ஒன்றையொன்று தாங்கிக்கொண்டு உள்ளே சாயாமல் நிற்கும். பெரும்பாலும் கிழக்குப் பலகையில் ஒரு வட்டத் துளை. மேலே மூடுகல், சுற்றிலும் கல் வட்டம். உள்ளே எலும்போடு கறுப்பு சிவப்புப் பானைகளும் இரும்புக் கருவிகளும் இருக்கும்.

உண்மையான கெல்டியத் தலைவன் ஒருவனின் சமாதி ஜெர்மனியில் ஹோக்டோர்ஃப் என்னுமிடத்தில் 1978-இல் தோண்டப்பட்டது. நாலு சக்கர வண்டி, தேன்மது இருந்த பெரிய வெண்கலக் கொப்பரை, குடிப்பதற்குக் கொம்புகள்! செத்தவனுக்கும் சாமான் வேண்டும் என்ற நினைப்பில் இரு தரப்பும் ஒன்றுதான். அதற்காக உறவு கொண்டாட முடியுமா?

ஒரு கணக்கு மட்டும் சொல்கிறேன். கெல்டியர் நாட்டில் இரும்பு பரவலானது கி.மு. 800 வாக்கில். சித்தூர் எல்லையை ஒட்டிய கிருஷ்ணகிரி மாவட்டத்து மயிலாடும்பாறையில் கிடைத்த இரும்புக்குத் தமிழ்நாடு அரசு 2022-இல் அறிவித்த காலம் கி.மு. 2172.