வீட்டில் அச்சாகும் தபால்



மராத்தியர் 'டபால்' என்பதை நாம் 'தபால்' என்கிறோம். அவர்கள் 'டபால் கச்சேரி' என்று வழங்கிய இடத்தை நம் பாட்டனார்களும் 'தபால் கச்சேரி' என்றே வழங்கினார்கள். புனே நகரத்தில் சோமவார் பேட், புதவார் பேட், சனிவார் பேட் எனக் கிழமைகளின் பெயர் தாங்கிய பகுதிகள், நம் செவிக்குச் சைதாப்பேட்டைக்கும் தண்டையார்பேட்டைக்கும் உறவினர்போலவே ஒலிக்கின்றன. இங்கே குடியேறிய தமிழருக்கு மொழி அயலாக இருந்தபோதும் தபால் அயலாக இருந்ததில்லை. அந்தத் தபாலை நம்பி வீட்டிலிருந்தபடியே சிறு தொழில் நடத்துவோர், முகவரிச் சீட்டைத் தாமே அச்சிட்டுப் பார்சல் அனுப்பும் முறையைப் பற்றி இன்று சில செய்திகளைச் சொல்ல விரும்புகிறோம்.

புனேயில் தமிழர் குடியேறியது நேற்று இன்று நிகழ்ந்ததன்று. தென்மண்டலப் படைத்தலைமையகமும், 1869ஆம் ஆண்டில் தொடங்கிய கட்கி வெடிமருந்துத் தொழிற்சாலையும், இரயில்வேயும், கணக்கு அலுவலகங்களும் நம்மவரை இங்கே அழைத்து வந்தன. பின்னாளில் ஹிஞ்சவடியின் கணினி நிறுவனங்கள் அழைத்து வந்தன. ராஸ்தா பேட்டிலும் காம்ப்பிலும் கட்கியிலும் பல வீடுகளில் அப்பளமும் வடகமும் பருப்புப் பொடியும் செய்கிறார்கள். கொலு பொம்மைகளுக்கு வண்ணம் தீட்டுகிறார்கள். பாவாடை சட்டை தைக்கிறார்கள். இவற்றை வாங்குவோர் அடுத்த வீட்டார் மட்டுமல்லர். நாகபுரியிலும் சூரத்திலும் போபாலிலும் வாழும் தமிழ்க் குடும்பங்களும் கேட்டனுப்புகின்றன. கடை வைக்க முதல் இல்லாத ஒரு குடும்பத்துக்குத் தபால் நிலையமே கடைத்தெரு.

இந்தக் கடைத்தெரு எவ்வாறு உருவாயிற்று என்பதை முதலில் பார்ப்போம். 1854ஆம் ஆண்டு அக்டோபர் முதல் தேதிக்கு முன்னர், கடிதத்துக்குரிய கட்டணம் தூரத்தைப் பொறுத்து ஏறிக்கொண்டே போயிற்று. அன்றுமுதல் கால் தோலா எடையுள்ள கடிதம் இந்தியாவில் எங்கே சென்றாலும் அரையணா என்று ஆயிற்று. தூரத்தில் இருப்பதற்காக ஒருவர் மிகுதியாகக் கொடுக்க வேண்டியதில்லை என்னும் இக்கொள்கை, சிறியவனையும் பெரியவனையும் ஒரே வரிசையில் நிறுத்திற்று. 1877ஆம் ஆண்டில் வி.பி.பி. முறை வந்தது. பொருளைக் கொடுத்துப் பணத்தைப் பெற்று அனுப்பியவருக்குச் சேர்ப்பிக்கும் பொறுப்பைத் தபால்காரரே ஏற்றுக்கொண்டார். முன்பின் அறியாத இருவர் ஒருவரையொருவர் நம்பி வாணிகம் செய்ய இதனால் வழி பிறந்தது.

தமிழ்நாட்டில் இவ்வழியில் நடந்தவர்களில் ஒருவரை எல்லாரும் அறிவோம். பின்னாளில் பத்திரிகையாளராகவும் படத் தயாரிப்பாளராகவும் புகழ்பெற்ற எஸ். எஸ். வாசன், இளமையில் விளம்பரத் தொழிலோடு தபால் மூலம் பொருள் விற்கும் தொழிலையும் நடத்தி வந்தார். தம் விளம்பரங்கள் வெளிவந்த ஆனந்த விகடனையே 1928ஆம் ஆண்டில் அவர் விலைக்கு வாங்கினார். பெருந்தொழில்கள் சிலவற்றின் வேர் ஒரு பார்சல் கட்டில் இருந்தது என்பதற்கு இது நல்ல சான்று.

இனி, கட்டணத்தின் அடையாளமாகிய தபால்தலையின் வரலாற்றைச் சற்று நோக்குவோம். ஒரு காலத்தில் இந்தியத் தபால்தலைகள் இலண்டனில் டி லா ரூ நிறுவனத்தில் அச்சாகிக் கப்பலில் வந்தன. 1920களில் அந்த வேலை புனேக்கு ஏறக்குறைய இருநூறு கிலோமீட்டர் தொலைவிலுள்ள நாசிக் நகரின் அச்சகத்துக்கு வந்து சேர்ந்தது. பெரிய அலுவலகங்கள் தபால்தலை ஒட்டுவதற்குப் பதிலாக, உரிமம் பெற்ற இயந்திரத்தால் கட்டண முத்திரை பதித்தன. அமெரிக்க நாட்டில் 1999ஆம் ஆண்டில் வீட்டுக் கணினியிலிருந்தே தபால் கட்டணத்தை அச்சிட இசைவு தரப்பட்டது. நம் நாட்டில், வெளிநாட்டுக்குப் பொருள் அனுப்பும் சிறு வணிகர் வீட்டிலேயே விவரங்களைப் பதிந்து, பார்கோடு கொண்ட சீட்டை அச்சிட்டு, பார்சலில் ஒட்டிக் கொண்டுவந்து ஒப்படைக்கும் வசதியை 'டாக் கர் நிர்யாத் கேந்திரா' என்னும் ஏற்றுமதி நிலையங்கள் தருகின்றன. நாடெங்கும் ஆயிரத்துக்கு மேற்பட்ட அஞ்சலகங்களில் இவை அமைந்துள்ளன.

இலண்டனிலிருந்து நாசிக்குக்கும், நாசிக்கிலிருந்து நம் வீட்டு மேசைக்கும் அச்சு வந்துவிட்டது. ஆனால் இதில் ஒரு வேறுபாடு உண்டு. அதுவே இன்றைய பேச்சின் உயிர்நிலை. தபால்தலை என்பது பணம். அதை வாங்கி ஒட்டியவர் வேறொன்றும் சொல்ல வேண்டியதில்லை. எடை பார்ப்பதும் முகவரி சரியா என்று கேட்பதும் தபால் குமாஸ்தாவின் வேலையாக இருந்தன. வீட்டில் அச்சிடும் சீட்டோ ஒரு வாக்குமூலம். இதற்குள் இருப்பது இன்னது, இதன் எடை இவ்வளவு, மதிப்பு இவ்வளவு, செல்லுமிடம் இது என்று அனுப்புவோர் தாமே எழுதித் தருகிறார். குமாஸ்தாவின் கண்ணும் தராசும் கேள்வியும் நம் கைக்கு மாறிவிட்டன. எனவே அவருடைய கவனமும் நம்மிடம் வந்து சேர வேண்டும்.

முதலாவது முகவரி. மகாராஷ்டிரத்தில் ஒருவரின் பெயர், தந்தை பெயர், குடும்பப் பெயர் என மூன்று சொற்கள் வரும். நம்மவர் பெயருக்கு முன்னால் ஓர் எழுத்து மட்டும் நிற்கும். வாயிற்பலகையில் ஒரு விதமாகவும் சீட்டில் வேறு விதமாகவும் பெயர் இருந்தால் புதிய தபால்காரர் என்ன செய்வார்? கதவில் உள்ளபடியே பெயரைக் கேட்டு எழுதுக. கைபேசி எண்ணையும் தவறாமல் அச்சிடுக. எல்லாவற்றினும் மேலாக அஞ்சல் குறியீட்டு எண் சரியாக இருக்க வேண்டும்.

அந்த எண்ணின் அருமையை மொழிபெயர்ப்பில் பழகிய நாம் நன்கு உணர்வோம். ஒரே பெயருள்ள ஊர்கள் பல. எழுதும் மொழிகளும் பல. இச்சிக்கலைத் தீர்க்கும் ஆறு இலக்க முறையை மத்தியத் தகவல் தொடர்பு அமைச்சகத்தில் பணியாற்றிய ஸ்ரீராம் பிகாஜி வேலன்கர் வகுத்தார். 1972ஆம் ஆண்டு ஆகஸ்டு 15ஆம் நாள் அது நடைமுறைக்கு வந்தது. வேலன்கர் மராத்தியர், சமஸ்கிருதக் கவிஞரும் ஆவார். முதல் இலக்கம் மண்டலத்தைக் குறிக்கும். தமிழ்நாடும் கேரளமும் 6, மகாராஷ்டிரம் 4. முதல் மூன்று இலக்கங்கள் தபாலைப் பிரிக்கும் மாவட்டத்தையும், கடைசி மூன்றும் பட்டுவாடா செய்யும் அஞ்சலகத்தையும் காட்டுகின்றன. புனே 411 என்று தொடங்க, சென்னை 600 என்று தொடங்கும். தமிழ் அறியாதவரும் மராத்தி அறியாதவரும் ஒருங்கே படிக்கக்கூடிய மொழிபெயர்ப்பு இது. இதில் ஓர் இலக்கம் மாறினால் ஊரே மாறிவிடும்.

இரண்டாவது, பார்சலின் தனி எண். இரண்டு ஆங்கில எழுத்துகள், ஒன்பது இலக்கங்கள், பின்னும் நாட்டைக் குறிக்கும் இரண்டு எழுத்துகள் என மொத்தம் பதின்மூன்று. இது உலக அஞ்சல் ஒன்றியத்தின் பொது முறை. அவ்வொன்றியத்தில் இந்தியா 1876ஆம் ஆண்டிலேயே சேர்ந்தது. ஒன்பது இலக்கங்களில் எட்டே உண்மையான வரிசை எண். ஒன்பதாவது முன்னுள்ள எட்டையும் கொண்டு கணக்கிட்டுப் பெறுவது. யாரேனும் ஓர் இலக்கத்தைத் தவறாகப் பதிந்தால், பெரும்பாலும் கணக்கு ஒவ்வாது. இயந்திரம் உடனே மறுத்துவிடும். ஆனால் முகவரியை நாம் தவறாக எழுதினால் இத்தகைய காவல் இல்லை. எண்ணுக்கு இயந்திரம் காவல். முகவரிக்கு நாமே காவல்.

மூன்றாவது, எடையும் அளவும். அப்பளம் எடையற்றது, இடத்தை அடைப்பது. பார்சல் தொழிலில், பெட்டியின் நீள அகல உயரங்களைச் சென்டிமீட்டரில் அளந்து பெருக்கி, 5000ஆல் வகுத்து வரும் எண்ணையும் எடையாகக் கருதும் வழக்கம் உண்டு. முப்பதுக்கு இருபத்தைந்துக்கு இருபது என்னும் பெட்டியைப் பெருக்கினால் 15,000. வகுத்தால் மூன்று கிலோ. உள்ளே இருப்பது ஒன்றேகால் கிலோ அப்பளமாயினும் மூன்று கிலோவுக்குரிய கட்டணம் விழும். ஆகவே கைக்குக் கிடைத்த பெட்டியில் பொருளை இடாமல், பொருளுக்கேற்ற பெட்டியைத் தேடுக. சமையலறைத் தராசோடு ஓர் அளவு நாடாவும் தொழிற்கருவியே.

நான்காவது, அச்சும் கட்டும். புனேயில் ஜூன் முதல் செப்டம்பர் வரை மழை. மையால் அச்சிட்ட சீட்டு நனைந்தால் எழுத்துக் கரையும். வெப்பத்தால் அச்சாகும் சீட்டு வெயிலில் கிடந்தால் மங்கும். சீட்டைத் தாளின் அளவுக்குச் சுருக்கி அச்சிடலாகாது; கோடுகள் நெருங்கினால் கருவி படிக்காது. பார்கோட்டின் இருபுறமும் உள்ள வெள்ளை இடம் வீண் இடமன்று. கோடு எங்கே தொடங்குகிறது என்று கருவிக்குக் காட்டுவது அதுவே. பெட்டியின் மடிப்பில் சீட்டை ஒட்டாதீர்கள். பார்கோட்டின்மேல் சுருக்கம் விழ நாடா ஒட்டாதீர்கள். முகவரியின் படி ஒன்றைப் பெட்டிக்குள்ளும் வைத்தல் நலம். ஊறுகாயின் எண்ணெய் ஒரு பார்சலை மட்டும் கெடுப்பதில்லை. அதே பையில் பயணம் செய்யும் பிறர் கடிதங்களையும் கெடுக்கும்.

கடல் கடந்து அனுப்புவோர்க்கு இக்கடமை இன்னும் பெரிது. மராத்திய வீடுகளில் தீபாவளிக்குச் செய்யும் 'பராள்' என்னும் பலகாரங்களும் நம் முறுக்கும் அதிரசமும் பிள்ளைகள் வாழும் தூர நாடுகளுக்குப் புனேயிலிருந்து பயணமாகின்றன. சுங்கச் சீட்டில் 'உணவு' என்று ஒரே சொல்லில் எழுதாமல், என்ன பொருள், எவ்வளவு எடை, என்ன விலை என்று விளங்க எழுத வேண்டும். அயல்நாட்டு விதியும் திடீரென மாறும். 2025ஆம் ஆண்டு ஆகஸ்டு இறுதியில், அமெரிக்காவின் சுங்க விதி மாறியதால் அந்நாட்டுக்கான நம் அஞ்சல் சேவை நின்றது; வரியை முன்னதாகவே செலுத்தும் ஏற்பாட்டோடு அக்டோபர் 15ஆம் நாள் மீண்டும் தொடங்கிற்று. ஆகவே பணத்தைப் பெறுமுன் விதியைக் கேட்டறிதல் நன்று.

உள்நாட்டிலும் மாறுதல்கள் வந்துள்ளன. 2025 செப்டம்பர் முதல் தேதியில் பதிவுத் தபால் விரைவு அஞ்சலோடு இணைந்தது. தமிழ் நூல் விற்போர்க்கு ஒரு தனிச் செய்தி: பழைய பதிவுப் புத்தக அஞ்சல் 2024 டிசம்பரில் நின்றபோது சிறு பதிப்பாளர் கலங்கினர். கல்வி, பண்பாட்டு நூல்களுக்கென 2025 மே முதல் தேதியில் 'ஞான் போஸ்ட்' தொடங்கிற்று. தொடக்கக் கட்டணம் 300 கிராமுக்கு 20 ரூபாய், ஐந்து கிலோவுக்கு 100 ரூபாய், வரி தனி. இத்தகைய செய்தியை அறியாதவர் அதே நூலுக்கு மிகுதியாகச் செலவிட்டு, விலை கட்டாமல் தொழிலை விடுவதும் உண்டு.

ஒரு சிறு கணக்குப் போடுவோம். பார்சல் ஒன்றுக்கு ஐம்பது ரூபாய் இலாபம் என்று கொள்க. பொருளின் விலை இருநூற்றைம்பது. அஞ்சல் செலவு நூறு. பிழையான முகவரியால் பார்சல் திரும்பி வந்து, பண்டமும் கெட்டுப்போயிற்று. மறுபடி செய்து அனுப்ப முந்நூற்றைம்பது ரூபாய் ஆகும். ஏழு பார்சல்களின் இலாபம் ஓர் இலக்கத்தில் கரைந்துவிடும். பெரிய நிறுவனத்துக்கு இது பேரேட்டின் ஒரு மூலை. அப்பளம் இடும் ஒரு தாய்க்கோ ஒரு வார உழைப்பு. பெரியவரோடு ஒரே வரிசையில் நிற்கும் உரிமையை 1854ஆம் ஆண்டின் அரையணா நமக்குத் தந்தது. அவ்வரிசையில் நிலைத்து நிற்பதோ நாம் ஒட்டும் சீட்டின் மெய்ம்மையில் இருக்கிறது.

நேயர்களே, இனிப் பார்சலை மூடுமுன் சீட்டை ஒருமுறை உரக்கப் படியுங்கள். முடிந்தால் வீட்டிலுள்ள வேறொருவரைப் படிக்கச் சொல்லுங்கள். எழுதியவர் கண்ணுக்குத் தப்பியது மற்றவர் கண்ணில் படும். சொன்னபடி எடை, சொன்னபடி பொருள், சொன்ன இடத்தில் சேர்ப்பு என்னும் இம்மூன்றும் ஒத்திருந்தால், நம்மைக் காணாத வாடிக்கையாளரும் நம்மை நம்புவார்.