எட்டுப் பெண்கள் கூடிய வீடு

(சங்கத்தின் நூற்றாண்டு ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)



நாடகத்துறைப் பெண் ஒருவரைப் பற்றிப் பேசும்படி கேட்டார்கள். நாம் தெரிந்தெடுத்தவர் மரியா ஐரீன் ஃபோர்னெஸ். கியூபாவின் ஹவானாவில் 1930இல் பிறந்தவர். தந்தையார் இறந்தபின், 1945இல் தாயுடனும் சகோதரியுடனும் நியூயோர்க் சென்றார். வயது பதினைந்து. பள்ளிப் படிப்பு சில ஆண்டுகளே. சப்பாத்துத் தொழிற்சாலையில் வேலை செய்தார். வகுப்புக்குப் போய் ஆங்கிலம் படித்தார். புலம்பெயர்ந்த நம்மில் பலருக்கு இது தெரிந்த கதைதான்.

முதலில் ஓவியம் பயின்றார். பரிஸில் இருந்தபோது பெக்கெற்றின் ‘கோடோவுக்காகக் காத்திருத்தல்’ பார்த்தார். பிரெஞ்சு மொழி விளங்கவில்லை, நாடகம் விளங்கியது. 1960களில் எழுதத் தொடங்கியவர், பின்னர் தம் நாடகங்களைத் தாமே நெறியாள்கை செய்தார். ஒன்பது ஓபி விருதுகள் பெற்றார்.

1977இல் மேடையேறிய ‘ஃபெஃபுவும் அவளுடைய சிநேகிதிகளும்’ நமக்கு மிக நெருங்கியது. கல்விக்கு நிதி திரட்டும் நிகழ்ச்சியை ஒத்திகை பார்க்க எட்டுப் பெண்கள் ஒரு வீட்டில் கூடுகிறார்கள். நமது செயற்குழுக் கூட்டம் போலவே! நடுப்பகுதியில் பார்வையாளர்கள் நான்கு குழுக்களாகப் பிரிந்து இடம் இடமாகச் செல்லவேண்டும். நடிகைகள் அதே காட்சியை நான்கு தடவை நடிப்பார்கள். வரவேற்பறையில் கலகலப்பாக இருந்த ஃபெஃபு, புல்வெளியில் தன் ஓயாத வேதனையைச் சொல்கிறாள். படுக்கையறையில் ஒருத்தி அச்சத்தோடு தனியே போராடுகிறாள். வரவேற்பறையிலேயே இருந்தால் இவை தெரியவராது.

1981 முதல் நியூயோர்க்கின் இன்ரார் அரங்கில், ஸ்பானிய வழிவந்த எழுத்தாளர்களுக்குப் பயிற்சியளித்தார். அவருடைய மாணவர் நிலோ குரூஸ் 2003இல் புலிட்சர் பரிசு பெற்றார்.

முதுமையில் ஃபோர்னெஸ் நினைவை இழந்தார். நகருக்கு வெகு தூரத்திலுள்ள பராமரிப்பு இல்லத்தில் இருந்தார். நண்பர்கள் போராடி அவரை மன்ஹாற்றனுக்குக் கொண்டுவந்தார்கள், அடிக்கடி போய்ப் பார்ப்பதற்காக. 2018இல் அங்கேயே காலமானார்.

அன்பானவர்களே, நிதி சேர்க்க நமக்கு நன்றாகத் தெரியும். கட்டடங்கள் அதற்குச் சாட்சி. ஆனால் கூட்டங்களுக்கு வரமுடியாமற் போன நம் சிநேகிதிகள் எங்கே? பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்க, இங்கே தனித்திருப்பவர்களும் உண்டு. அங்கே முதியோர் இல்லத்தில், தமிழ் பேச ஆளில்லாமல் இருப்பவர்களும் உண்டு. ஒவ்வொரு கிளையும் அவர்களுடைய பெயர்ப்பட்டியல் ஒன்றை இவ்வாண்டே தயாரிக்கட்டும். மாதம் ஒருமுறை ஒருவராவது போய்ப் பக்கத்தில் இருக்கட்டும். நமது சங்கம் வரவேற்பறையோடு நின்றுவிடக்கூடாது.