வாய் பேசட்டும், பிறகு கை பேசட்டும்

(குறுவளமையக் கூட்டம் ஒன்றில் தொடக்கப்பள்ளி ஆசிரியர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

பேசுவதற்கு முன் ஒரு சின்ன வேலை தருகிறேன். ‘கத்திரிக்காய்’ என்று சொல்லிக்கொண்டே கை தட்டுங்கள். கத்-தி-ரிக்-காய். நான்கு தட்டு. ‘வெண்டைக்காய்’ மூன்று. ‘மாங்காய்’ இரண்டு. தாளப் பாடத்தில் பாதி முடிந்துவிட்டது.

நான் இசை படித்தவன் அல்லன். மூன்றாம் வகுப்புக்குப் பாடம் நடத்துபவன். பிள்ளைகளுக்குத் தாளம் சொல்லித்தர வேண்டும் என்று தோன்றியபோது, மற்றவர்களைப் போல நானும் முதலில் கடைக்குப் போய் ஒரு சின்ன டிரம் வாங்கி வந்தேன். ஒரு டிரம், முப்பத்திரண்டு பிள்ளைகள். என்ன நடந்திருக்கும் என்று உங்களுக்கே தெரியும். அடித்தவன் ஒருவன், அழுதவர்கள் பலர், பக்கத்து வகுப்பு ஆசிரியையின் முகம் வேறு.

நம் ஊர் மிருதங்க ஆசிரியர்கள் சொற்கட்டை முதலில் வாயால் சொல்ல வைப்பார்கள். வாயில் வராதது கையில் வராது என்பது அவர்கள் கணக்கு. அதைத்தான் காய்கறிக்கு மாற்றினேன். மாங்காய் என்றால் தக. வெண்டைக்காய் என்றால் தகிட, கத்திரிக்காய் என்றால் தகதிமி. மாங்காயையும் வெண்டைக்காயையும் சேர்த்துச் சொன்னால் தக தகிட, ஐந்து. அதுதான் கண்டம். வெண்டைக்காயும் கத்திரிக்காயும் சேர்ந்தால் ஏழு, மிஸ்ரம். பெரிய மேடைகளில் வாசிக்கும் கணக்கை எட்டு வயதுப் பிள்ளை காய்கறிக் கூடையிலிருந்து எடுத்துவிடுகிறது. (தமிழாசிரியர்கள் முறைக்க வேண்டாம். இது யாப்பில் வரும் அசை அல்ல. அங்கே ‘புளிமா’ இரண்டு அசை, இங்கே மூன்று தட்டு. உயர்நிலை வகுப்பில் இந்த வேறுபாட்டையே ஒரு பாடமாக்கலாம்.)

காலால் நடை, கையால் சொல். வட்டமாக நடக்கும்போது கால் ஒரே சீராக விழ வேண்டும், காய்கறி கையில் வர வேண்டும். பிள்ளைகள் வேகத்தைக் கூட்டிக்கொண்டே போவார்கள். அதட்டினால் நிற்காது, நான் குரலைத் தாழ்த்திவிடுவேன். மெதுவாகத் தட்டினால்தான் என் குரல் கேட்கும், அவர்களும் தணிந்துவிடுவார்கள். அதைவிடக் கடினம் சும்மா இருப்பது. கத்திரிக்காயில் ‘ரிக்’கை மட்டும் சொல்லாமல், தட்டாமல் மனத்துக்குள் வைத்துக்கொள்ளச் சொல்லிப் பாருங்கள். அந்த ஒரு இடத்தில் முழு வகுப்பும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கும். இசைக்காரர்கள் இந்த இடைவெளியைக் கார்வை என்பார்கள். என் வகுப்பில் அதன் பெயர் ‘உப்பு’.

ஐந்தாம் வகுப்புக்கு இன்னொன்று. ஒரு குழு மூன்று மூன்றாக, இன்னொரு குழு நான்கு நான்காகத் தட்டட்டும். ஒவ்வொரு சுற்றின் முதல் தட்டு மட்டும் பலமாக. இரண்டு பலத் தட்டுகளும் பன்னிரண்டு தட்டுக்கு ஒருமுறை சேர்ந்து விழும். மீச்சிறு பொது மடங்கைக் காதால் கேட்ட பிள்ளை அதை மறப்பதில்லை.

இதெல்லாம் பழகிய பிறகுதான் பிளாஸ்டிக் வாளி, தகர டப்பா, சிரட்டை. வேப்பமரத்தடியில், மதிய மணிக்குச் சற்று முன்பாக. நான் கையைத் தூக்கினால் குச்சிகள் தோளுக்குப் போய்விட வேண்டும். சத்தம் பிடிக்காமல் காதைப் பொத்தும் பிள்ளையைத் தூரத்தில் நின்று கையால் எண்ணச் சொல்லுங்கள். அதுவும் பங்கேற்புதான்.

இனி, நான் தவறிய இடம். உண்மையில் இதைச் சொல்லத்தான் வந்தேன்.

முதல் ஆண்டு, “யார் வீட்டில் மேளம் இருக்கிறது?” என்று வகுப்பில் கேட்டேன். ஒரு பையன் எழுந்து இன்னொருவனைக் காட்டி, “அவங்க தாத்தா பறை அடிப்பாரு சார், சாவுக்கு” என்றான். வகுப்பு சிரித்தது. நான் “சிரிக்காதீங்க” என்று மட்டும் சொல்லிவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விட்டேன். அவன் இரண்டு நாள் பள்ளிக்கு வரவில்லை.

மூன்றாம் நாள் வீட்டுக்குப் போனேன். தாத்தா திண்ணையில் இருந்தார். மன்னிப்புக் கேட்டேன். பையன் எல்லோர் முன்னாலும் பறை வாசித்தால் சிரித்தவர்கள் வாயடைத்துப் போவார்கள் என்றும் சொன்னேன். நல்ல யோசனை என்றுதான் நினைத்தேன். அவர், “என் பேரனக் கூப்பிட்டு அடிக்கச் சொல்லாதீங்க சார். படிக்கத்தான் அனுப்புறேன். கத்துக்கணும்னா எல்லாப் புள்ளயும் கத்துக்கட்டும். முதல்ல நீங்க கத்துக்கங்க” என்றார்.

கற்றேன். இடது கையில் நீளமான மெல்லிய சிண்டுக்குச்சி, வலது கையில் குட்டையான அடிக்குச்சி. பறையைத் தீயில் காய்ச்சினால் தோலின் ஈரம் போய் இறுகும், ஒலி ஏறும். மழைநாளில் தளர்ந்துவிடும். அறிவியல் பாடத்தை அவர் ஒரு கைப்பிடி வைக்கோலில் முடித்துவிட்டார். பிறகு பள்ளிக்கு அழைத்தோம். வேறு எந்த விருந்தினருக்கும் போடும் அதே நாற்காலி, அதே தேநீர்க் குவளை. பிள்ளைகள் வருகைப்பதிவேட்டு வரிசையில் வந்து குச்சி பிடித்தார்கள்.

“எங்க புள்ளைக்கு எதுக்கு சார் இது?” என்று ஒரு பெற்றோர் கேட்டார். தொல்காப்பியம் நிலத்தின் கருப்பொருள்களுள் ஒன்றாகப் பறையை வைத்திருப்பதைச் சொன்னேன். இப்போது கேட்டால், பறையிசைக் கலைஞர் வேலு ஆசானுக்கு 2025இல் பத்மஸ்ரீ அறிவித்ததையும் சொல்வேன். அவர் சமாதானம் ஆனாரா என்றால், இல்லை. ஆனால் மகளை அனுப்புவதை நிறுத்தவில்லை. பட்டமும் இலக்கணமும் ஒரு வகுப்பறைச் சிரிப்பை நிறுத்திவிடாது. அந்த நேரத்தில் ஆசிரியர் முகம் எப்படி இருக்கிறது என்பதைத்தான் பிள்ளைகள் பார்க்கிறார்கள். கலைத் திருவிழாவுக்குப் பறைக்குழு தயார் செய்பவர்கள், யாரை எந்தக் காரணத்துக்காகத் தேர்கிறோம் என்று ஒருமுறை யோசித்துவிட்டுப் பெயர் எழுதுங்கள்.

அந்தப் பையன் ஐந்தாம் வகுப்பு முடித்துப் போகும் வரை பறையைத் தொடவே இல்லை. நானும் கேட்கவில்லை. ஒருநாள் வேப்பமரத்தடியில் நான் வாசித்துக் காட்டிக்கொண்டிருந்தபோது பின்வரிசையிலிருந்து அவன் குரல் வந்தது: “சார், முந்துறீங்க.”

முந்தித்தான் போயிருந்தேன்.