ஒப்புரவாதல்
(சங்கத்தின் மாதாந்தரக் கூட்டத்தில் நிகழ்த்திய பிரசங்கம்)



கிறிஸ்தவ வாழ்க்கையில் மன்னிப்பு என்னும் விஷயத்தைப்பற்றிச் சில வார்த்தைகள் பேசும்படி காரியதரிசியார் கட்டளையிட்டனர். யானோ வேதசாஸ்திரம் கற்றவனல்லன். கடை நடத்திப் பிழைப்பவன். ஆகையால் பேரேடு பார்க்கும் கண்ணோடேயே இதனையும் பார்க்கத் துணிந்தேன். குறையிருப்பின் பொறுத்தருள்வீர்களாக.

மன்னிப்பு என்றவுடன் நாம் எண்ணுவது யாது? பிறர் நமக்கிழைத்த தீங்கை நாம் பொறுத்துக்கொள்ளுதல் என்பதே. நம் மனப்பேரேட்டில் பிறர் நமக்குத் தரவேண்டிய பாக்கி மாத்திரமே ஏறியிருக்கிறது. நாம் தரவேண்டியது ஒரு வரியும் காணோம். அப்பாக்கியைத் தள்ளிக் கொடுத்துவிட்டால் பெருந்தன்மையாளர் என்று நம்மை நாமே மெச்சிக்கொள்கிறோம்.

ஆனால் மலைப்பிரசங்கத்தில், மத்தேயு 5ஆம் அதிகாரத்தில், இயேசுநாதர் காணிக்கையைப்பற்றிக் கூறிய இடத்தை ஊன்றிப் பாருங்கள். பலிபீடத்தண்டை நிற்பவனுக்கு அங்கே நினைவுக்கு வருவது தன் மனத்தாங்கலன்று. தன்மேல் தன் சகோதரனுக்குள்ள மனத்தாங்கல். கடன்பட்டவன் இவனே. காணிக்கை காத்திருக்க, இவன் எழுந்து போகவேண்டுமென்கிறார் ஆண்டவர். அதைக் கேட்டு நின்றவர்களுள் பலர் கலிலேயா நாட்டார். பலிபீடமோ எருசலேமில் இருந்தது. இடைவழி ஏறக்குறைய மூன்று நாள் நடை. ஊருக்குத் திரும்பி, சகோதரனைக் கண்டு பேசி, மறுபடியும் எருசலேம் சேருவதென்றால் ஒரு வாரம் கழிந்துவிடும். அண்டை வீட்டுக்குப் போகவும் நமக்கு நேரமில்லை!

இக்காரியத்தை ஒரு நகரமே செய்து பார்த்ததுண்டு. 1940ஆம் வருஷம் நவம்பர் மாதம் 14ஆம் தேதி இரவு, ஜெர்மானிய விமானங்கள் இங்கிலாந்திலுள்ள கவென்ட்ரி நகரத்தின்மேல் குண்டுமாரி பொழிந்தன. 500க்கு மேற்பட்ட ஜனங்கள் மாண்டனர். பழமையான புனித மிக்கேல் பேராலயம் தீக்கிரையாயிற்று. புறச்சுவர்களும் கோபுரமுமே எஞ்சின. ஜாக் ஃபோர்ப்ஸ் என்னும் கல்தச்சர், கரிந்த கூரை உத்திரங்கள் இரண்டு சிலுவைபோல விழுந்து கிடக்கக் கண்டு, அவற்றைச் சேர்த்துக் கட்டி நிறுத்தினார். ஆலயத்தின் தலைமைக் குருவாகிய ரிச்சர்ட் ஹவார்ட் என்பவர், பலிபீடத்தின் பின்சுவரில் இரண்டே சொற்களைப் பொறிக்கச் செய்தார்: பிதாவே, மன்னியும்.

யாரை மன்னிக்க வேண்டுமென்று அங்கே எழுதவில்லை. சிலுவையில் ஆண்டவர் செய்த ஜெபத்தில் “இவர்களை” என்னும் சொல் உண்டு; ஹவார்ட் அதனை விட்டுவிட்டார். மன்னிப்பு வேண்டாதவர் இரு திறத்தாருள்ளும் இலர் என்பது அவர் துணிபு. ஆண்டவர் குற்றமற்றவர், அவர் “இவர்களை” என்று சொல்லலாம். நாம் சொல்லப் புகுந்தால் நாக்குத் தடுமாறவேண்டும். 

அந்தச் சொல்லை விட்டது சரியே. 1945 பிப்ரவரியில் ஆங்கில, அமெரிக்க விமானங்கள் ஜெர்மனியிலுள்ள டிரெஸ்டன் நகரத்தை எரித்தன. சுமார் 25,000 பேர் மடிந்தனர். நமதம்மாளின் ஆலயமும் இடிந்து கற்குவியலாயிற்று. பேரேட்டின் மறுபக்கமும் நிரம்பிவிட்டதன்றோ? 1965இல் கவென்ட்ரியிலிருந்து வாலிபர் சிலர் டிரெஸ்டனுக்குச் சென்று, இடிந்துகிடந்த ஒரு வைத்தியசாலையைத் திரும்பக் கட்ட மண்ணும் கல்லும் சுமந்தனர். அந்த ஆலயம் புதுப்பிக்கப்பட்டபோது, அதன் உச்சியில் 2004இல் ஏற்றிய பொற்சிலுவையைச் செய்தவர் லண்டன் பொற்கொல்லர் ஆலன் ஸ்மித். அவருடைய தகப்பனார் டிரெஸ்டன்மேல் குண்டு போட்ட விமானமொன்றை ஓட்டியவர்.

இங்கே ஓர் எச்சரிக்கை சொல்லாமல் விடேன். அடித்தவன் வாளாவிருக்க, அடிபட்ட ஏழையைப் பார்த்து, “கிறிஸ்தவனல்லவா, மன்னித்துவிடு” என்று ஊர்ப் பெரியவர்கள் உபதேசிப்பதைப் பலமுறை கண்டிருக்கிறேன். பெண்மக்களுக்கே இவ்வுபதேசம் அதிகம் கிடைக்கிறது. குற்றத்தைக் குற்றமன்று என்று மூடுதல் மன்னிப்பாகாது. ஆயக்காரனாகிய சகேயு அழுதுவிட்டுப் போய்விடவில்லை. அநியாயமாய் வாங்கியதை நாலத்தனையாய்த் திருப்பிக் கொடுக்க உடன்பட்டான். எடுத்தவன் திருப்பிக் கொடுக்க, அடித்தவன் முதலில் நடக்க வேண்டும்.

பிறருக்குச் சொல்லும் நான் என்ன செய்தேன் என்று நீங்கள் கேட்கலாம். எனக்கும் என் தமையனாருக்கும் ஒரு கிணற்றுப் பங்கினால் பதினொரு வருஷம் பேச்சில்லை. மனத்தில் அவரை மன்னித்துவிட்டதாகவே எண்ணியிருந்தேன். சென்ற கிறிஸ்து ஜயந்திக்கு முந்தின நாள், எங்கள் தகப்பனார் மரணப்படுக்கையிலிருந்தபோது நான் அவரை வாசலில் நிறுத்திப் பேசிய வார்த்தையொன்று நினைவுக்கு வந்தது. அதை நான் எந்தப் பேரேட்டிலும் எழுதியிருக்கவில்லை. அவர் எழுதியிருந்தார்.

போனேன். தமையனார் வீட்டிலில்லை, மதனியார் தண்ணீர் கொடுத்தார், ஒன்றும் பேசவில்லை. மறுவாரம் திரும்பவும் போனேன். சொல்லவேண்டியதைச் சொன்னேன். அவர் நெடுநேரம் சும்மாவிருந்து, பிறகு என் மகளின் படிப்பைப்பற்றி விசாரித்தார். கிணற்று வழக்கு கோர்ட்டில் இன்னும் நடந்துவருகிறது. அடுத்த வாய்தாவுக்கு இருவரும் ஒரே வண்டியில் போவதாகப் பேசியிருக்கிறோம்.