நத்தைக் கல் திருத்திய கோடு
(சங்கமத் தினத்தன்று ஆற்றிய உரை)



சிவில் படித்தவனுக்குக் கடலைப் பற்றி என்ன பேச்சு என்று நினைக்காதீர்கள். நான் சொல்வது பெரம்பலூர் மாவட்டம் காரை கிராமத்துப் பொட்டலில், ஒரு காலத்தில் அலையடித்த கடல்!

வேலையில் சேர்ந்த புதிது. சாலைப் பணிக்காக அங்கே மண் பரிசோதனை. மேற்கே ஒரு துளை, கிழக்கே ஒரு துளை. இரண்டிலும் ஒரே மாதிரிக் களிமண். நடுவில் மூன்றாவது துளை போட வேண்டும். 'செலவு மிச்சம்'னு விட்டுட்டேன். இரண்டையும் ஒரே அடுக்காகக் கோடு போட்டு இணைத்துக் கையெழுத்தும் போட்டேன்.

உடன் வந்த நிலவியல் அறிஞர், துளைகளுக்குப் பக்கத்து ஓடைக்கரைகளிலிருந்து நத்தை போல் சுருண்ட இரண்டு கற்களைப் பெயர்த்து வந்தார். அம்மோனைட்! கண்டகி நதிச் சாளக்கிராமமும் இந்த இனம்தான்.

"தம்பி, மேற்கே இருந்தது மார்ட்டோனிசெராஸ், 10 கோடி வருஷத்துக்கும் மேலே. கிழக்கே மாமைட்டிஸ், சுமார் 9 கோடியே 30 லட்சம். ரெண்டும் எப்படிய்யா ஒரே அடுக்கு?" என்றார்.

எனக்கு வியர்த்துவிட்டது. அடுக்குகள் கிழக்கே சாய்ந்திருந்தன. மேற்கே மேலே தெரிந்தது, கிழக்கே ஆழத்தில் புதைந்து கிடந்தது.

அம்மோனைட்டை ஏன் நம்ப வேண்டும்? ஒவ்வொரு வகையும் கொஞ்ச காலமே வாழ்ந்தது. ஆனால் பல கடல்களில் பரவியிருந்தது. ஓட்டின் வரிகளும் மடிப்புத் தையல்களும் வகைக்கு வகை மாறும். 1850-களில் ஜெர்மனியின் ஆப்பெல், இவற்றை வைத்தே ஜுராசிக் பாறைகளை மண்டலங்களாகப் பிரித்தார். நம் திருச்சி வட்டாரத்து அம்மோனைட்டுகளை 1860-களில் ஸ்டாலிச்கா விவரித்து எழுதினார். புதைபடிவம் சொல்வது முன்பின் வரிசை மட்டும். ஆண்டுக் கணக்கு, அதே வகைகள் கிடைக்கும் வேறு இடங்களின் எரிமலைச் சாம்பலைக் கதிரியக்க முறையில் அளந்து வந்தது.

ஓர் எச்சரிக்கை: செத்த ஓடு மிதந்து வெகுதூரம் போகலாம். எனவே ஒரே ஓட்டை வைத்து, 'இங்கே கடல் இத்தனை ஆழம்' என்று சொல்லிவிடக் கூடாது.

மறுநாள் மேலதிகாரியிடம் தவறை ஒப்புக்கொண்டேன். திட்டு கிடைத்தது, மூன்றாவது துளைக்கு அனுமதியும் கிடைத்தது. வரைபடம் திருந்தியது.

தம்பி தங்கைகளே, நிறத்தைப் பார்த்துக் கோடு போடாதீர்கள். கையெழுத்துக்கு முன் அந்த மூன்றாவது துளையைப் போட்டுவிடுங்கள்.